ஓட்டக்காரிக்கு வைத்த மீன்கறி

கருவாடு பொதிந்து வந்த பேப்பரை அம்மா தூரப் போடவில்லை. அடுக்களைப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் விரித்து, உள்ளங்கையால் தடவித் தடவிச் சுருக்கம் எடுத்தாள். நடுவில் ஒரு படம் இருந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு பெண், இரண்டு காலும் தரையில் படாமல், வாயைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"இது ஆருக்க பிள்ளை?" என்று கேட்டாள் அம்மா. அவளுக்கு எழுத்து தெரியாது. படம் மட்டும் படிப்பாள்.

நாட்டுக்காக ஓடுகிறவள், பெரிய ஓட்டக்காரி, மெடல் எல்லாம் வாங்கியிருக்கிறாள் என்றேன். அம்மா பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கருவாட்டு எண்ணெய் ஓட்டக்காரியின் தோளில் ஊறியிருந்தது.

"வயிறுண்ணு ஒண்ணு இல்லியே மக்கா இவளுக்கு. இப்பிடி ஓடுனா பசிக்காதா? ஓடி முடிச்ச பொறவு ஆரு இதுக்குச் சோறு வெளம்புவா?"

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றேன். அம்மா பேப்பரை நாலாக மடித்து முந்தானையில் செருகிக்கொண்டாள். "அப்பம் எனக்க அத்தாழம் இவளுக்காக்கும்" என்றாள்.

எனக்குத் தலை சுற்றியது. அம்மாவுக்காக நான் ஒரு பெண் மந்திரியைப் பற்றி மூன்று பக்கம் எழுதி, அவளுக்கு அதை வாய்ப்பாடமாகவும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன்.

ஆளில்லாத விருந்து

இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற பஸ்ஸில் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் ஊர். அங்கே ஒரு வாசகசாலை உண்டு. அதில் பெண்களுக்கென்று ஒரு சங்கத்தை நேசம்மாள் டீச்சர் தொடங்கினார். பெண்கள் கூட்டத்துக்கு வரவில்லை. சோறு யார் வைப்பது என்று கேட்டார்கள். சரி, கூட்டத்தையே சோற்றோடு வைத்துவிடுவோம் என்று டீச்சர் முடிவெடுத்தார்.

மாதம் ஒரு வீடு. பொழுது சாயும்போது கூட வேண்டும். அந்த வீட்டுக்காரி பேர்பெற்ற பெண் ஒருத்தியைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். 'அந்த அம்மா இன்று நம் வீட்டுக்கு அத்தாழத்துக்கு வந்தால் என்ன வைப்பேன்' என்று யோசித்து, அதையே சமைத்து எல்லோருக்கும் விளம்ப வேண்டும். இராச்சாப்பாட்டுக்கு எங்கள் பக்கத்தில் அத்தாழம் என்று பெயர், பரிமாறுவதற்கு விளம்புவது என்று பெயர்.

பேர்பெற்ற பெண்களின் பெயர்களை நான் இங்கே எழுதுவதில்லை. தொடரின் தொடக்கத்தில் ஒரு நடிகைக்கு எங்கள் ஊரில் கூட்டாஞ்சோறு வைத்த கதையை எழுதினேன். அவர் பூசணிக்காய் தொடவே மாட்டார் என்று மூன்று பேர் கோபமாகக் கடிதம் போட்டார்கள். நமக்கு எதற்கு வம்பு.

சங்கத்தின் தொடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. கமலம் அக்காவின் முறை வந்தபோது, ரேடியோவில் எப்போதும் கேட்கிற ஒரு பாடகியை எடுத்துக்கொண்டாள். பாடகிக்கென்று தனியாக ஓர் இலை போட்டாள். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குக் குழப்பம். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு இலை போடும் வழக்கம் அவள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. அதன்படியே உள்ளறையில் இலையை வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்தி, வெளியே வந்து கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே நுழைந்த டீச்சர் இதைப் பார்த்துவிட்டு, "அய்யோ, பாடகி எப்பம் செத்தாள்?" என்று நெஞ்சில் கைவைத்துவிட்டார். மறுநாள் காலை ரேடியோவில் பாட்டு வந்த பிறகுதான் கமலம் அக்காவுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு விருந்தாளிக்கு இலை கிடையாது, பேச்சு மட்டும் போதும் என்று தீர்மானம் போட்டார்கள். வாசகசாலைத் தீர்மானப் புத்தகத்தில் அது இன்றும் இருக்கும்.

இளநீர்த் தலைவி

சங்கத்துக்குத் தலைவி பாகீரதியம்மை. பெரிய வீட்டுக்காரி. ஊரில் பாதி நிலம் ஒரு காலத்தில் அந்த வீட்டுடையது. எங்கள் குடிசை நின்ற மண்ணும் அவர்களுடையதுதான். அம்மா பதினேழு வயதில் கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த வீட்டு முற்றத்தைத்தான் தூத்துப் பெருக்கினாள், அந்த வீட்டு நெல்லைத்தான் அவித்தாள். அவரை எஜமானியாக நினைத்துக் 'கொச்சம்மை' என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு, எங்கள் வீட்டுக்கு ஓடு போட்ட பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

பாகீரதியம்மையைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வாசகசாலைக்கு அலமாரி கொடுத்தவர். பிரசவ வலி என்றால் எந்தக் குடிசைக்கும் வண்டி அனுப்புவார். ஆனால் அவர் மண்ணில் குடிசை போட்டிருந்த பழைய குடியான் வீட்டில் கூட்டம் நடக்கிற அன்றைக்கு மட்டும் அவருக்கு ஒருபொழுது வந்துவிடும். பஞ்சாங்கக்காரருக்கே தெரியாத விரதமெல்லாம் அவருக்குத் தெரியும்.

வருவார். முன்னால் உட்காருவார். கண்ணெதிரே வெட்டிய இளநீரைக் குடிப்பார். எல்லோரும் சாப்பிட்டு எழும்பும்வரை இருந்து, மணமாக இருந்தது என்று சொல்லி, நன்றி கூறிவிட்டுப் போவார். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. எங்களுக்குள் அவருக்கு 'இளநீர்த் தலைவி' என்று பெயர்.

இதைத்தான் அம்மா மாற்ற நினைத்தாள். எங்கள் முறை வருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அவளுக்கு வேறு நினைப்பில்லை. கொச்சம்மை எங்கள் வீட்டில் கை நனைக்க வேண்டும்.

நான் சண்டை போட்டேன். எனக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். ரத்தம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் தின்றால் என்ன, தின்னாவிட்டால் நமக்கென்ன, சட்டம் கொடுத்த மண், அண்ணன் வளைகுடாவில் வெயிலில் நின்று கட்டிய வீடு, இதில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்டேன்.

அம்மா மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கின் தொலியை உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவுங்க கை நனைக்காத வரைக்கும், நான் அவுங்க மண்ணில கெடக்கிய மாதிரிதான் மக்கா எனக்குத் தோணும். பட்டயம் உனக்கு வாசிக்கத் தெரியும். எனக்குத் தெரியாதுல்லா."

மண் எங்களுக்குச் சொந்தம் என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்த அந்தப் பட்டயம் அண்ணனின் பழைய தகரப் பெட்டியில், ஒரு மஞ்சள் துணியில் சுற்றி இருந்தது. நான் அதைப் பலமுறை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அண்ணனின் யோசனையும் அம்மாவின் சட்டியும்

வளைகுடாவிலிருந்து அண்ணன் ராஜன் கடிதம் எழுதினான். கூட்டத்தில் குறை வரக் கூடாது, கோழி பிரியாணி வையுங்கள், தான் கொண்டுவந்த குக்கரை வெளியே எடுங்கள், கண்ணாடித் தட்டில் விளம்புங்கள். குக்கரை அம்மா ஒரு கல்யாணப் பெண்ணைப்போலப் பட்டுத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். விசில் சத்தம் கேட்டால் அவளுக்கு ரயில் வருவதுபோல் இருக்குமாம்.

நான் அண்ணன் பக்கம். மந்திரி, பிரியாணி, கண்ணாடித் தட்டு. இப்படி நடந்தால் பெரிய வீட்டுக்கு ஒரு பாடம் ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

அம்மா இரண்டு பேரையும் கேட்கவில்லை. "மந்திரிக்கு ஆளுண்டு வெளம்ப. ஓடுன பிள்ளைக்கு மரச்சீனியும் சாளைக்கறியும்தான் வேணும். வயிற்றில நிக்கும்" என்றாள்.

வைத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், கேட்டு எழுதியவர்கள் பலர்.

மரச்சீனியைத் தொலி உரித்து, நடு நாரை எடுத்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இதில் சோம்பல் கூடாது, தலை சுற்றும். நன்றாக வெந்ததும் வடித்து, உப்புப் போட்டு, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், சின்ன உள்ளி என்கிற சின்ன வெங்காயம் இரண்டு, மஞ்சள் இவற்றைக் கொறகொறவென்று அரைத்துச் சேர்த்து, அகப்பைக் காம்பால் மசித்துக் கிளற வேண்டும். கட்டி கொஞ்சம் இருக்கலாம். முழுக்க மசிந்தால் பிள்ளைச் சோறு ஆகிவிடும்.

மீன்கறிக்குத் தேங்காய் கிடையாது. மண்சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டு, சின்ன உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்ப்பொடியும் கொஞ்சம் மல்லிப்பொடியும் மஞ்சளும் தண்ணீரில் குழைத்து ஊற்றி, எண்ணெய் தெளியும்வரை பொறுத்திருக்க வேண்டும். கழுவி ஊறவைத்த குடம்புளியும் உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டு, கொதித்ததும் சாளையை, அதாவது மத்தி மீனை, ஒவ்வொன்றாகப் படுக்க வைக்க வேண்டும். பிறகு கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கடைசியில் மேலே பச்சை எண்ணெய்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கறியை இறக்கிவிட்டாள். சாயங்காலத்துக்குள் புளி பிடித்துவிடும் என்றாள்.

பத்து நிமிடம்

பதினான்கு பெண்கள் வந்தார்கள். முன்னறையில் பாய் விரித்திருந்தோம். அம்மா, அண்ணன் அனுப்பிய நைலான் சேலையைக் கட்டியிருந்தாள். அது உடம்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பாகீரதியம்மைக்கு ஒரு நாற்காலி. அவர் உட்கார்ந்ததும், இன்று தனக்கு ஒருபொழுது என்று டீச்சரிடம் மெதுவாகச் சொன்னார். அம்மாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் இளநீரோடு தயாராக வாசலில் நின்றான். எல்லாம் வழக்கம்போல.

அம்மா எழும்பி நின்றாள். முந்தானையிலிருந்து அந்தக் கருவாட்டுப் பேப்பரை எடுத்து விரித்து, எல்லோருக்கும் காட்டினாள். முன்வரிசைக்காரர்கள் மூக்கைச் சுருக்கினார்கள்.

இந்தப் பிள்ளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, ஓடுகிறாள் என்று மட்டும் தெரியும் என்று தொடங்கினாள். ஓடுவது என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றாள். ஒரு தடவை ஓடியிருக்கிறாளாம்.

 அவள் எந்த ஓட்டத்தைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதில் ஓடியிருக்கிறேன்.

குடிசை போட்டிருக்கிறவனுக்குப் பத்து சென்ட் மண் சொந்தம் என்று சட்டம் வந்த காலம். அப்பா பனையிலிருந்து விழுந்து இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பட்டயத்துக்கு அம்மா ஆள் வைத்து எழுதிப் போட்டிருந்தாள். அங்கே குடிசையே இல்லை, அவள் வேலைக்கு வந்து போகிறவள்தான் என்று பெரிய வீட்டுக்காரர், பாகீரதியம்மையின் புருஷன், எதிர்த்திருந்தார். விசாரணை நெய்யாற்றின்கரையில், காலை பத்து மணிக்கு. பேர் விளிக்கும்போது ஆள் இல்லையென்றால் மண் போச்சு என்று வார்டு மெம்பர் சொல்லியிருந்தார்.

பாறசாலைக்கு நடந்து வந்தால், அன்று பஸ் சமரம், வேலைநிறுத்தம். ஒரு வண்டியும் இல்லை. நெய்யாற்றின்கரைக்கு ஏழு மைல் இருக்கும். அம்மா வெயிலைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள், ஓடத் தொடங்கினாள்.

ஆறு வயதில் எனக்கு அது விளையாட்டாக இருந்தது, உதியன்குளங்கரை வரைக்கும். அங்கே நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஓடினாள். அவளுடைய நெஞ்சு என் காதில் இடித்தது இப்போதும் எனக்குக் கேட்கிறது.

இதையெல்லாம் அம்மா அங்கே தன் பேச்சில் சொன்னாள். நின்ற இடத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. பெண்கள் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் தன்னை மறந்துவிட்டாள்.

"அமரவிளைப் பாலம் ஏறும்ப எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்து. அப்பம் ஒரு காறு பொறவால வந்து. நான் கையைக் காட்டுனேன். அது..."

அவ்வளவுதான். அம்மா நிறுத்திவிட்டாள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கார் ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று அங்கே இருந்த பதினான்கு பேருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக் கூட்டம் நடந்தபோது பெரிய வீட்டுக்காரர் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த மண் பாகீரதியம்மையின் பேரில் இருந்ததால், கையெழுத்துப் போட விசாரணை நாளன்று அந்த அம்மையும் போயிருந்தார். காரில் பின்சீட்டில் இருந்தார்.

டீச்சர் இருமினார். யாரோ ஒரு பிள்ளையை அதட்டினார்கள். அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வார்த்தை எங்கே என்று தேடிக்கொண்டு நின்றாள்.

பாலத்தில் கண்டது

"நான் கண்டேன் தங்கம்மா" என்றார் பாகீரதியம்மை.

அவர் எழும்பவில்லை. கையிலிருந்த இளநீரைத் தரையில் வைத்தார். குரலில் நடுக்கம் ஒன்றும் இல்லை.

"பாலத்தில வச்சுக் கண்டேன். பிள்ளை இடுப்பில இருந்தது. நீ கை காட்டினே. வண்டியை நிறுத்தச் சொல்லணும்ணு எனக்குத் தோணிச்சு. பின்னே, நீ நேரத்துக்கு வந்து சேரண்டாம்ணும் தோணிச்சு. ரெண்டும் தோணிச்சு. ஒண்ணும் சொல்லாம இருந்தேன்."

 எனக்குக் கோபம் வர வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்த்துவைத்த கோபம். அது வரவில்லை என்பதே எனக்கு அன்று பெரிய எரிச்சலாக இருந்தது. பொய் சொன்னால் அடிக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

அம்மா, "நான் சேந்துட்டேன் கொச்சம்மை" என்றாள். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அது.

உண்மைதான், சேர்ந்துவிட்டோம். குமாஸ்தா பேரை இரண்டு தடவை விளித்துவிட்டாராம். மூன்றாம் தடவை விளிக்கும்போது அம்மா வாசற்படியில் என்னை இறக்கிவிட்டு, "உண்டு" என்றாள். அன்று முழுக்க அவள் அந்த ஆபீசில் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் மெம்பர் பேசினார்.

ஆனால் இந்தப் பகுதியை அம்மா அன்றைய கூட்டத்தில் சொல்லவே இல்லை. 'இந்தப் பிள்ளைக்குப் பசிக்கும், அதனால மரச்சீனியும் மீனும்' என்று அவசரமாக முடித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். பாகீரதியம்மை நன்றி கூறவில்லை. எல்லோருக்கும் இலை போடும் முன்பே, தலைவலி என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். இளநீர் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

கூட்டத்தார் நன்றாகச் சாப்பிட்டார்கள். கமலம் அக்கா மூன்று தடவை மரச்சீனி வாங்கினாள். அம்மா விளம்பினாள், சிரித்தாள், வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் சுவரோரம் உட்கார்ந்து வாயில் அடித்துக்கொண்டாள்.

"எனக்க நாக்கு! கெட்டுச்சு மக்கா. இனி அவுங்க இந்தப் படி ஏறமாட்டாங்க."

பதினாலு வருடம் வாய்க்குள் பூட்டிவைத்ததை, ஒரு கருவாட்டுப் பேப்பர் திறந்துவிட்டதே என்று அழுதாள். வண்டி நிறுத்தாதவர் அவர், வாயில் அடித்துக்கொள்வது நீயா என்று நான் கத்தினேன். அம்மா காதில் வாங்கவில்லை. மீதிக் கறியை ஒரு கொதி விட்டு மூடினாள். அவள் அன்று சாப்பிடவில்லை. நானும் வீம்புக்குச் சாப்பிடவில்லை. பசியோடு படுத்தது யாருக்கு லாபம் என்று இப்போது தோன்றுகிறது.

பழசு உண்டோ

மறுநாள் சாயங்காலம் நான் பயிற்சிப் பள்ளியிலிருந்து பாறசாலையில் பஸ் மாறி வீடு வந்தபோது, முற்றத்தில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கருப்புத் தோல் செருப்பு. அதை எனக்குத் தெரியும்.

பாகீரதியம்மை முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். கூட யாரும் வரவில்லை. நாற்காலி பக்கத்திலேயே காலியாக இருந்தது. அம்மா அவர் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

நான் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் வந்திருக்கிறார். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "நேற்றைய மீன்கறி மிச்சம் உண்டோ தங்கம்மா?"

அம்மா திகைத்துப்போனாள். பழசு கொடுப்பது என்பது பெரிய வீட்டில் வேறு விஷயம். முதல்நாள் மிஞ்சியதை மறுநாள் கொல்லைப்புறத்தில் வைத்து எங்களுக்குக் கொடுப்பார்கள். அதை வாங்கித் தின்றுதான் நானும் அண்ணனும் வளர்ந்தோம். அதே பழசைக் கொச்சம்மைக்கு எப்படிக் கொடுப்பது? கோழி பிடிக்கிறேன், அரை மணிக்கூர் பொறுங்கள் என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள்.

"கோழி வேண்டாம். அது அந்த ஓட்டக்காரிக்கு வச்சதுல்லா. எனக்கு அதுதான் வேணும்" என்றாராம்.

கறி இருந்தது. மரச்சீனி தீர்ந்துவிட்டது. அம்மா கொல்லைக்கு ஓடி ஒரு மூடு கிழங்கு பிடுங்கினாள். நான் தொலி உரித்தேன். பாகீரதியம்மை எழும்பி வந்து அடுக்களை வாசலில், பலகைமேல் உட்கார்ந்துகொண்டார். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே இருந்தார். ராஜன் எப்போது வருவான் என்று ஒருமுறை கேட்டார். ஓணத்துக்கு என்றாள் அம்மா.

இலை போடும்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. கையில் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அன்று திங்கள்கிழமை. பாகீரதியம்மையின் மற்ற விரதங்களைப் பற்றி ஊர் என்ன சிரித்தாலும், திங்கள் விரதம் மட்டும் அசல். கல்யாணமான நாளிலிருந்து பிடிக்கிறார். புருஷன் செத்த பிறகும் விடவில்லை.

"இண்ணைக்குத் திங்களாழ்ச்சையல்லவா கொச்சம்மை?"

"விரதம் நேற்றே எடுத்தாச்சு. நீ வெளம்பு" என்றார் அவர்.

அம்மா விளம்பினாள். மீன் சாறு கொஞ்சம் இலைக்கு வெளியே போயிற்று. பாகீரதியம்மை மரச்சீனியை விரலால் பிட்டு, சாற்றில் முக்கி, வாயில் வைத்தார். சாளையின் முள்ளைப் பொறுமையாகப் பிரித்து இலை ஓரத்தில் வைத்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மாவின் பக்கம் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் காரணமாக இருக்கலாம். எங்கள் அம்மா காரம் கூடுதலாகத்தான் போடுவாள்.

தின்று முடித்ததும் அவர் இலையை மடக்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் தின்ற இலையை யாரும் எடுப்பதில்லை, வீட்டுக்காரர்கள் எடுப்பார்கள். பெரிய வீட்டுக் கொல்லையில் மட்டும் நாங்கள் தின்ற இலையை நாங்களே எடுத்துப் போட்டு, தின்ற இடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டு வர வேண்டும். அம்மா பதினேழு வயதிலிருந்து மெழுகியிருக்கிறாள். பாகீரதியம்மை அதை நினைத்துத்தான் எடுத்தார் என்று எனக்குப் புரிந்தது. எடுக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். மனசுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்மா குனிந்து அந்த இலையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"வையுங்க கொச்சம்மை. வந்தவுங்க எலை எடுக்கப்பிடாது" என்றாள்.

 அவர் கைகழுவி, துடைத்துக்கொண்டு, "புளி நல்லா பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வேலியோரம் வரைக்கும் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொல்லைப்பக்கம் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவராக எடுத்தார், விட்டிருக்கக் கூடாதா, இவ்வளவு காலம் அங்கே இலை எடுத்தது போதாதா, சொந்த வீட்டிலும் அவர் எச்சிலை நீதான் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

அம்மா இலையைத் தென்னை மூட்டில் போட்டுவிட்டுத் திரும்பினாள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்பதுபோல் பார்த்தாள்.

"அங்க எடுக்கும்ப நான் வேலைக்கு நிண்ணவ மக்கா. இண்ணைக்கு எடுத்தது இந்த வீட்டுக்காரியாக்கும்."

பிறகு கையைக் கழுவினாள். சட்டியில் மிச்சம் இரண்டு சாளை கிடந்தது. ஒன்றை எனக்கு வைத்தாள், ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். எப்போதும் அடுக்களை மூலையில் குத்தவைத்துத் தின்கிறவள், அன்று தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், பாயின் நடுவில், காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.